விறகறுக்க மடக்கு ரம்பம்: எந்த நீளம், எந்தப் பல்?

செங்காங்_குமரன் #1

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கோத்தா திங்கி, ஜண்டா பாய்க் பக்கம் காரில் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறோம், நாலு பேர். விறகை அங்கேயே கட்டாக வாங்குவது வழக்கம். பெரும்பாலும் ரப்பர் மரம், 45 செ.மீ. நீளம். பாதிக் கட்டைகள் மணிக்கட்டுப் பருமன். மீதி 9, 10 செ.மீ. குறுக்களவு இருக்கும். எங்கள் மடக்கு இரும்பு அடுப்பில் 20 செ.மீ.க்கு மேல் நீளமான கட்டை நுழையாது. பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) கொண்டுபோக விருப்பமில்லை.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: சில்க்கி பாக்கெட்பாய் 170, சில்க்கி கோம்பாய் 240, பாக்கோ லாப்லாண்டர். கார் என்பதால் எடை பிரச்சினை இல்லை. எதை வாங்கலாம்? சில்க்கியில் பெரிய பல், நடுத்தரப் பல் என்று வேறு இருக்கிறது. ரப்பருக்கு எது சரி?

மரத்தூள் #2

குமரன் தம்பி, முதல்ல பிளேடு நீளத்தை முடிவு பண்ணுங்க. பிராண்டு அப்புறம்.

ரம்பத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குழி இருக்கும். பல் சீவி எடுக்கிற தூள் அந்தக் குழியில்தான் தங்கும். பல் கட்டையை விட்டு வெளியே வந்தால்தான் அது கீழே கொட்டும். அப்படி எல்லாப் பல்லும் வெளியே வரணும்னா, ஒரு இழுப்பில் பிளேடு குறைந்தது கட்டையின் குறுக்களவு தூரமாவது நகரணும். நகர முடிந்த தூரம் எவ்வளவு? பிளேடு நீளத்திலிருந்து கட்டையின் குறுக்களவைக் கழித்தால் வருவது. பிளேடு நீளத்தில் பாதிக்கு மேல் பருமனான கட்டையை அறுக்காதே என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உங்க 10 செ.மீ. கட்டையில் போட்டுப் பாருங்க. கோம்பாய் 240 என்றால் 24 கழித்தல் 10, 14 செ.மீ. நகரும். எல்லாப் பல்லும் வெளியே வந்து தூளைக் கொட்டிவிட்டுத் திரும்பும். பாக்கெட்பாய் 170 என்றால் 7 செ.மீ.தான். சுமார் 3 செ.மீ. நீளத்துப் பற்கள் கட்டைக்குள்ளேயே போய்வந்துகொண்டிருக்கும், ஒரு தடவையும் வெளியே வராது. அவற்றின் குழி நிரம்பியதும் அந்தப் பற்கள் மரத்தைத் தொடாமல் தூள் மேலேயே வழுக்கும். கை அழுத்த ஆரம்பிக்கும். அழுத்தினால் மெல்லிய பிளேடு நெளியும். லாப்லாண்டர் 19 செ.மீ.; 9 வரைக்கும் சமாளிக்கும், 10 இழுபறி.

நடைமுறையில் கைப்பிடி கட்டையில் இடிக்காமல் இருக்கவும், முனை வெட்டிலிருந்து வெளியே வராமல் இருக்கவும் இரண்டு செ.மீ. விட்டுத்தான் இழுப்போம். அதனால் நான் இப்படி வைத்துக்கொள்வேன்: 170க்கு 7 செ.மீ., லாப்லாண்டருக்கு 8, 240க்கு 11. பிக்பாய் 360 போனால் 17. உங்க கட்டைகளுக்கு 240 கச்சிதம்.

பல் விஷயம். சில்க்கியில் பல்லை 30 மி.மீ.க்கு எத்தனை என்று எண்ணுவார்கள். கோம்பாய் 240இல் பெரிய பல் 8, நடுத்தரம் 10. பாக்கோ அங்குலத்துக்கு 7 என்று போடும். அதுவும் 30 மி.மீ.க்கு மாற்றினால் சுமார் 8தான். எண்ணைப் பார்த்து ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று ஏமாந்துவிடாதீங்க. பருமனான கட்டை, ஈரம் உள்ள கட்டை, ரப்பர் மாதிரி மிதமான மரம், இதற்கெல்லாம் பெரிய பல். சவுக்கு மாதிரி வைரம் பாய்ந்து காய்ந்த மரம், மூங்கில், விரல் பருமன் சுள்ளி, இதற்கு நடுத்தரம். பெரிய பல் சுள்ளியில் மாட்டிக்கொண்டு குதிக்கும். வெட்டுக்குள் ஒரே நேரத்தில் மூன்று பல்லாவது நிற்கிற மாதிரி இருந்தால் குதிக்காது.

ரப்பர் 9, 10 செ.மீ. என்றால் 240, பெரிய பல்.

தெமாசிக்_நாடோடி #3

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் பருமனான கட்டையை முழுசாகக் குறுக்கே அறுத்தே ஆக வேண்டுமா?

10 செ.மீ. கட்டையை முதலில் நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டின் அகலமான பக்கமும் சுமார் 7 செ.மீ.தான். அதை லாப்லாண்டரே லேசாக அறுக்கும். எப்படியும் அடுப்பில் எரிக்கப் பிளக்கத்தானே போகிறோம்? முழுக்கட்டை நின்று எரியாது, புகைதான் வரும். காரில் போகிறவர் 600 கிராம் தலை உள்ள சின்னக் கைக்கோடரி ஒன்றும் எடுத்துப் போகலாம்.

லாப்லாண்டர் பக்கம் பேச இன்னொரு காரணம், நாலு பேர் கை மாறும் ரம்பம் என்பது. சில்க்கி பிளேடு இழுக்கும்போது மட்டும் வெட்டும். தள்ளும்போது பலம் கொடுத்தால் வளையும். ரம்பம் பிடித்துப் பழகாதவர் கையில் கொடுத்தால் முதல் பத்து நிமிடத்தில் தள்ளிவிடுவார். லாப்லாண்டர் பிளேடு கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். திறந்த நிலையிலும் பூட்டும், மடித்த நிலையிலும் பூட்டும். பைக்குள் தானாகத் திறந்துகொள்ளாது.

மரத்தூள் #4

நாடோடி, 45 செ.மீ. நீளக் கட்டையைப் பிளப்பதைவிட 15, 20 செ.மீ. துண்டைப் பிளப்பது பல மடங்கு சுலபம். நீளம் கூடினால் ஆப்பு இறங்க வேண்டிய தூரம் கூடும், வழியில் கணு குறுக்கிடவும் வாய்ப்பு கூடும். ரப்பரில் கிளை கிளம்பிய இடத்தில் நார் முறுக்கியிருக்கும். அந்தக் கணுவில் சின்னக் கோடரி சிக்கினால் எடுப்பதே வேலை. முதலில் அறு, பிறகு பிள. அறுக்கும்போது கணுவைத் துண்டின் நடுவில் விடாமல், ஓரத்தில் வருகிற மாதிரி இடம் பார்த்து அறுத்தால் பிளப்பு நேராகப் போகும்.

பழகாத கைக்கு லாப்லாண்டர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தரே அறுக்கிறார் என்றால் 240தான்.

தம்பிக்கு இன்னொன்று: கட்டை 45, அடுப்பு 20. இரண்டாக வெட்டினால் 22.5 வரும், நுழையாது. மூன்றாக்கணும். கட்டைக்கு இரண்டு வெட்டு. பத்துக் கட்டைக்கு இருபது வெட்டு. கட்டு வாங்கும் இடத்தில் 40 செ.மீ. கட்டையாகப் பொறுக்கினால் கட்டைக்கு ஒரே வெட்டு, வேலை பாதி. கையில் அளவுநாடா இல்லாவிட்டாலும் கோம்பாயைத் திறந்து பிளேடை மட்டும் வைத்து அளந்தால் 24 செ.மீ. தெரியும்.

வில்ரம்பம் #5

யாரும் வில் ரம்பத்தைச் சொல்லவில்லையே. மடக்கு வில் ரம்பமும் இருக்கிறது. அகாவா போரியல் 21 பாருங்கள்: மடித்தால் ஒரு கோல் மாதிரி, திறந்தால் 21 அங்குல பிளேடு இரு முனையிலும் இழுத்துக் கட்டி நிற்கும். பிளேடு நெளியாது, இழுத்தாலும் தள்ளினாலும் வெட்டும், பிளேடு தேய்ந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். 12 செ.மீ.க்கு மேல் கட்டை, பெரிய குழு என்றால் மடக்கு ரம்பம் எதுவும் இதன் பக்கத்தில் வராது.

குறை இரண்டு. சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பருமனான கட்டை ஆழத்தில் இடிக்கும். இரண்டாவது, நெருக்கமான கிளைகளுக்குள் நுழைத்து அறுக்க முடியாது. வாங்கின விறகு என்றால் இரண்டாவது பற்றிக் கவலையில்லை.

கம்பி ரம்பம், கைச்சங்கிலி ரம்பம் என்று விற்பார்கள். வளையம் கோத்த கம்பி வேண்டவே வேண்டாம். உரசலில் சூடேறி அறுந்துபோகும். சங்கிலி ரம்பம் வெட்டும், ஆனால் இரண்டு கையும் வேண்டும், கட்டை அசையாமல் நிற்க வேண்டும். தளர்ந்த சின்னக் கட்டையில் அது கட்டையைத்தான் இழுத்துக்கொண்டு வரும்.

பொங்கோல்_கவிதா #6

நல்ல இழை. ஒரு சந்தேகம். சில்க்கி பிளேடு வளைந்துவிட்டது, முனை உடைந்துவிட்டது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இவ்வளவு பெயர் வாங்கிய ரம்பம் ஏன் உடைய வேண்டும்? பிளேடு மெல்லியது என்பதுதான் காரணமா?

மரத்தூள் #7

கவிதா, மெல்லிசாக இருப்பதுதான் அதன் பலம். இழுத்து வெட்டுகிற பிளேடு இழுவிசையில் நிற்பதால் தடிமன் தேவையில்லை. தடிமன் குறைந்தால் வெட்டு வாய் குறுகும், சீவ வேண்டிய மரம் குறையும், கை வலிக்காது. அதே பிளேடைத் தள்ளினால் தாங்க வேண்டிய விசை அமுக்கமாக மாறும். மெல்லிய தகடு அமுக்கத்தில் நெளியத்தான் செய்யும்.

உடைவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்.

முனை வெட்டிலிருந்து வெளியே வந்துவிடுவது முதல் காரணம். ரொம்ப நீளமாக இழுத்தால் பிளேடின் முனை வெட்டுக்குள்ளிருந்து நம் பக்கம் வெளியே வந்துவிடும். அடுத்த தள்ளலில் முனை வெட்டுக்குள் நுழையாமல் கட்டையின் பக்கத்தில் முட்டும். கை தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேடு நடுவில் மடங்கிவிடும். முனையிலிருந்து மூன்று விரல் அகலத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கட்டைக்குள் போகும் வரைதான் இழுப்பு என்று பழக்கினால் இது நடக்காது. புதியவருக்கு ரம்பத்தைக் கொடுக்கும்போது கோட்டைக் காட்டிக் கொடுங்க.

இரண்டாவது, வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுவது. கட்டையின் இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி நிற்க, நடுவில் மேலிருந்து அறுத்தால், கீழே இறங்க இறங்கக் கட்டை நடுவில் தொய்யும். மேல் பக்கம் நெருங்கும். பிளேடு சிக்கும். சிக்கினதை ஆட்டி இழுக்கும்போதுதான் முறுக்கிக்கொள்ளும். அதனால் வெட்டுகிற இடம் எப்போதும் தாங்கலுக்கு வெளியே தொங்க வேண்டும். ஒரு பெரிய கட்டையைத் தரையில் போட்டு, அதன் மேல் அறுக்க வேண்டிய கட்டையை வைத்து, தாங்கலிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுங்க. பின்பக்கம் முழங்கால் அல்லது கால் வைத்து அழுத்திக்கொள்ளலாம். அறுபடும் துண்டு தன் எடையிலேயே கீழே தொங்கி, வெட்டு வாய் திறந்துகொண்டே வரும்.

தொங்கவிட முடியாத நிலை, உதாரணமாக இரு பக்கமும் சிக்கிக் கிடக்கிற கட்டை என்றால், முதலில் மேலிருந்து கால்வாசி. பிறகு கீழிருந்து மேல் நோக்கி மீதியை அறுத்து முதல் வெட்டுடன் சேருங்க. மேல் பக்கம்தான் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும் என்பதை நினைவில் வைத்தால் வரிசை மறக்காது. சிக்கிவிட்டால் ரம்பத்தை இழுக்காதீங்க. கட்டையைத் தூக்கி வாயைத் திறந்துவிட்டு அப்புறம் எடுங்க.

மூன்றாவது, அழுத்தம். கூரான பல் தன் எடையோடு இழுத்தாலே இறங்கும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது குழியில் ஈரத்தூள் அடைத்திருக்கிறது. நிறுத்தி, வெளியே எடுத்து, தட்டி, பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டுத் தொடருங்க. தூளைப் பார்த்தாலே தெரியும்: சின்னச் சின்னச் சீவலாக வந்தால் பல் கூர், மாவாக வந்தால் மழுங்கல்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. காயம் படுவது பெரும்பாலும் வெட்டைத் தொடங்கும்போது. முதல் மூன்று நாலு இழுப்பு, கைப்பிடிக்குப் பக்கத்துப் பல்லால், குட்டையாக, மெதுவாக. தடம் விழுந்த பிறகுதான் முழு நீளம். கட்டையைப் பிடித்திருக்கும் கை வெட்டிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி இருக்கணும். தோல் கையுறை அந்தக் கைக்குத்தான் முக்கியம். ரம்பம் பிடித்த கையில் கையுறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெட்டு முடிகிற கடைசி இரண்டு இழுப்பில் வேகத்தைக் குறைங்க. பிளேடு திடீரென்று விடுபட்டு முழங்காலுக்கு வரும்.

செங்காங்_குமரன் #8

மிக்க நன்றி, அக்கா. முனைக்கோடு யோசனை பிரமாதம். இணையக் கடைகளில் பெயர் தெரியாத 250 மி.மீ. ரம்பங்கள் கோம்பாயின் கால்விலைக்கு வருகின்றன. அவற்றில் எதைப் பார்த்து வாங்கலாம்? நேரில் பார்க்க எங்கே போகலாம்?

தெமாசிக்_நாடோடி #9

தம்பி, கூடாரச் சாமானுக்கு பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் இருக்கும் ஆர்மி மார்க்கெட்டைச் சுற்றிப் பாருங்கள். தோட்டக்கருவி விற்கும் பெரிய ஹார்ட்வேர் கடைகளிலும் மடக்கு ரம்பம் உண்டு. தோட்டக்காரர்கள் கிளை கழிக்கப் பயன்படுத்துவதும் இதே ரம்பம்தான். கையில் எடுத்துப் பார்த்தபின் வாங்குவதே நல்லது.

கையில் எடுத்தால் நான் பார்ப்பவை: திறந்து பூட்டி, பிளேடின் முதுகை மேஜை ஓரத்தில் வைத்து மடங்கும் திசையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள், பூட்டு வழுக்கவே கூடாது. முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிளேடு வளையலாம், ஆனால் மூட்டில் லொடலொடப்பு இருக்கக் கூடாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகு வழியே பாருங்கள், நேராக இருக்கிறதா. மடித்தால் எல்லாப் பல்லும் பிடிக்குள் மறைகிறதா. மூட்டில் பிளேடு சுழலும் திருகைக் (சுழல் திருகு) கழற்ற முடியுமா, அல்லது தறைந்த ஆணியா (ரிவெட்). தறைந்த ஆணி தளர்ந்தால் இறுக்க வழியில்லை, அத்தோடு அந்த ரம்பம் முடிந்தது.

பெயரில்லாத மலிவு ரம்பங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பல் பல நேரம் நன்றாகவே இருக்கிறது. பழுதாவது பூட்டும் மூட்டும். அதோடு மாற்று பிளேடு கிடைக்காது. சில்க்கிக்கு பிளேடு மட்டும் தனியாக விற்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்றால், இந்த ரம்பங்களின் பல் நுனி மட்டும் நொடியின் சிறு பகுதி நேரம் சூடாக்கிக் கடினமாக்கப்பட்டது. பல் நுனி கருநீலமாகத் தெரியும். சாதாரண அரம் அதில் ஏறாது, வழுக்கும். அதனால் தீட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மழுங்கினால் பிளேடை மாற்றுவதுதான் வழி.

பிடியில் மென்ரப்பர் பூச்சு இருந்தால் கவனம். மலிவான பூச்சு நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டு மூன்று ஆண்டில் பிசுபிசுத்துப் போகும்.

மட்டறுத்துநர் #10

இழைக்குத் தேவையான சிறு குறிப்பு. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் மரம், கிளை எதையும் அனுமதியில்லாமல் வெட்டுவது பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். விழுந்து கிடக்கும் கிளையையும் விறகுக்கு எடுக்கக் கூடாது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் நெருப்பு என்றால் முன்பதிவு செய்த பார்பிக்யூ குழி மட்டுமே. ஆகவே இங்கே பேசப்படும் ரம்ப வேலை மலேசிய முகாம் இடங்களுக்கும், வாங்கிய விறகுக்கும் உரியது. அங்கேயும் நெருப்பு மூட்டலாமா, எங்கே மூட்டலாம் என்பதை முகாம் நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வனப்பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு.

ரம்பத்தை எம்ஆர்டி ரயிலிலோ பேருந்திலோ கொண்டுபோனால் உறையில் போட்டு, கூடாரச் சாமானோடு பையின் அடியில் வையுங்கள். இடுப்பில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். காரணமில்லாமல் பொது இடத்தில் கூரிய கருவி வைத்திருப்பது சிக்கலில் கொண்டுவிடும். விமானப் பயணம் என்றால் சரக்குப் பெட்டியில் மட்டும்.

ரெங்காஸ்_எச்சரிக்கை #11

ரம்பம் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எந்த மரத்தை அறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். விறகு வாங்காமல் முகாம் இடத்தில் பொறுக்க அனுமதி கிடைத்தால் இது மிக முக்கியம்.

ரெங்காஸ். மாமரம், முந்திரி இவற்றின் குடும்பம்தான். மலேசியக் காட்டு ஓரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும். இதன் பால் காற்றுப் பட்டதும் கறுக்கும். பட்டையில் தார் வழிந்த மாதிரி கருங்கறை இருந்தால் தொடவே வேண்டாம். பால் தோலில் பட்டால் கொப்புளம். அறுக்கும்போது தூள் முகத்தில் பட்டாலும் தொல்லை. எரித்தால் புகை கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். எந்த மரம் என்று தெரியாத கட்டையை முதலில் ஒரு செ.மீ. ஆழம் மட்டும் அறுத்துச் சில நிமிடம் வையுங்கள். வெட்டு வாயில் கறுப்பு ஏறினால் விட்டுவிடுங்கள். ரம்பத்தைக் கையுறையோடு துடைத்து, துணியைத் தூக்கிப் போடுங்கள்.

மூங்கிலை அறுப்பதில் சிக்கல் இல்லை, எரிப்பதில்தான். கணுவுக்குக் கணு மூடிய காற்று சூடேறினால் வெடிக்கும். ஒவ்வொரு கணுவிடைக்கும் ஒரு வெட்டாவது விழுந்திருக்க வேண்டும், அல்லது நீளவாக்கில் பிளந்திருக்க வேண்டும். மூங்கிலின் வெளித்தோல் பல்லைச் சீக்கிரம் மழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டுகளை உடைத்து விறகாக்குபவர்கள் உண்டு. ஆணி ஒன்றே போதும், ஒரு பிளேடு காலி. தட்டில் பதித்திருக்கும் முத்திரையில் எச்டி என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது. எம்பி தட்டைச் சமையல் நெருப்பில் போடவே கூடாது.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் மணல் பட்டைக்குள் ஏறியிருக்கும். அறுக்கும் இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கத்தியால் பட்டையைச் சீவி எடுத்த பிறகே ரம்பம் வையுங்கள். மணலில் ஒரு பக்கப் பல் மட்டும் மழுங்கினால் அதன்பின் எல்லா வெட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். நேராகப் பிடித்தும் வெட்டு வளைகிறது என்று யாராவது கேட்டால் பதில் பெரும்பாலும் இதுதான்.

பொங்கோல்_கவிதா #12

மழைக்கால விறகு பற்றி யாராவது எழுதுங்களேன். டிசம்பர் விடுமுறையில் போனால் கட்டு விறகும் நனைந்தே கிடக்கிறது. அறுத்தாலும் எரிய மாட்டேன் என்கிறது.

தெமாசிக்_நாடோடி #13

கவிதா, நனைந்த கட்டையில் பெரும்பாலும் வெளி அரை அங்குலம்தான் ஈரம், கட்டை முன்பே காய்ந்ததாக இருந்தால். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உள்ளே காய்ந்திருக்கிறது, மந்தமாகக் கேட்டால் பச்சை அல்லது உளுத்தது.

கணீரென்று கேட்கும் கட்டையை 15 செ.மீ. துண்டுகளாக அறுங்கள். 20 வேண்டாம், கத்தியை வைத்துக் கட்டையால் தட்டிப் பிளக்க 15தான் வசதி. 10 செ.மீ. பிளேடு உள்ள, முழுத் தண்டு கைப்பிடிக்குள் ஓடும் கத்தியால் 7 செ.மீ. பருமன் வரை பிளக்கலாம். கத்தி முனை இரண்டு மூன்று செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், தட்டுவது அந்த முனையில்தான். மடக்குக் கத்தியால் இதைச் செய்யக் கூடாது. நாலாகப் பிளந்து, பட்டையும் வெளி ஈரமும் உள்ள பகுதியை ஒதுக்கி வையுங்கள். நடுப்பகுதியை மறுபடி விரல் பருமனுக்குப் பிளந்து அதில் இரண்டு மூன்று குச்சியின் ஓரத்தை மெல்லிய சுருள் சுருளாகச் சீவிவிட்டால் ஒரு தீக்குச்சியில் பிடிக்கும். ஒதுக்கிய வெளித்துண்டுகளை அடுப்பைச் சுற்றி அடுக்குங்கள்; அரை மணியில் அவையும் எரியத் தயாராகும்.

தரையில் படுத்துக் கிடக்கும் காட்டுக்கட்டையை நம்பாதீர்கள். நம் ஈரத்தில் மண்ணைத் தொட்ட மரம் சில மாதங்களிலேயே உளுத்துப்போகும். மண்ணைத் தொடாமல் வேறு கிளையில் சாய்ந்து நிற்பதுதான் எரியும்.

துருப்பகை #14

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் ரம்பம் காட்டில் கெடுவதைவிட அலமாரியில் கெடுவது அதிகம்.

கரிம எஃகு பிளேடு. நம் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டைச் சுற்றி. நனைந்த உறையோடு மடித்து ஸ்டோர்ரூமில் போட்டால் ஒரு வாரத்தில் பல் குழிகளில் செம்புள்ளி. ஒரு முறை குழி விழுந்து துரு ஏறினால் பிசின் அங்கேதான் ஒட்டும்.

முதலில் பிசின். பச்சைக் கட்டையின் பிசின் பிளேடில் காய்ந்து ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் அல்லது மருந்துக்கடை ஆல்கஹால் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் பல் போகும் திசையில் தேய்க்க வேண்டும். துணியால் குறுக்கே துடைத்தால் துணி கிழியும், விரலும் கிழியும். முகாமிலேயே என்றால் கைகழுவும் சானிடைசர் போதும். இரும்பு நார் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். கடலோரம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பிறகு முழுதாகக் காய்ந்தபின் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு, மெல்லிய படலமாக, மூட்டுக்கும் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் பூசாதீர்கள், அது காலப்போக்கில் காற்றுப்பட்டு கோந்து மாதிரி ஆகும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, அவசரத்துக்குப் பூசலாம். எண்ணெய் வழியும் அளவுக்குப் போட்டால் அடுத்த முறை தூளெல்லாம் அதில் ஒட்டும். உறையைத் தனியாகக் காயவையுங்கள். டப்பாவில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

பூட்டுப் பள்ளத்தில் தூள் அடைத்திருந்தால் பூட்டு முழுதாக விழாது. பல்குத்தியால் குடைந்து எடுங்கள். இதைச் சோதிக்காமல் அடுத்த முறை அறுக்கத் தொடங்காதீர்கள், தள்ளும்போது பிளேடு மடங்கி விரல் மேல் வரும்.

செங்காங்_குமரன் #15

கோம்பாய் 240, பெரிய பல், கூடவே ஒரு கைக்கோடரி என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: சுழல் திருகு தளர்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியே இறுக்கிவிட்டால் போதுமா? கோம்பாய் இரண்டு கோணத்தில் பூட்டும் என்கிறார்கள், விறகுக்கு எந்தக் கோணம்?

மரத்தூள் #16

நல்ல தேர்வு. கோணம்: விறகைத் தரையோரமாக வைத்து அறுக்கும்போது பிளேடும் பிடியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கிற சாதாரண நிலை. பிடி மேல் நோக்கி விலகி நிற்கிற இரண்டாவது நிலை, தண்டோடு ஒட்டின கிளையையோ பலகை மட்டத்தில் நீட்டியிருப்பதையோ ஒட்ட அறுக்க. அதில் இழுவிசை நேர்கோட்டில் போகாது, கட்டைக்குத் தேவையில்லை.

திருகை அப்படியே இறுக்கினால் மறுபடி தளரும். கழற்றி, மரையிலிருக்கும் எண்ணெயை ஆல்கஹாலால் துடைச்சுட்டு, நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு விட்டு மாட்டுங்க. சிவப்பு வேண்டாம், அப்புறம் பிளேடு மாற்றக் கழற்ற முடியாது. இறுக்கம் எவ்வளவு என்றால், பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரம்பத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பிளேடு தன் எடையில் தானாக விழக் கூடாது, ஆனால் ஒரு விரலால் தள்ளினால் தடையில்லாமல் திறக்கணும். அந்த நிலையில் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுட்டு அப்புறம் அறுங்க.